விழாக் கடையும் நூற்ற கையும்

ஐப்பசி மழை பொழிகிறது. கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள வயல்களிலே சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று தலையசைக்கிறது. நட்ட கைகளுக்கோ ஓய்வு. ஓய்வென்றால் களிப்பல்ல, கூலியில்லாத நாட்கள்! கதிர் முற்றிக் களத்துக்கு வரத் தை பிறக்க வேண்டும். ஆனால், தீபாவளி தை வரையில் காத்திருப்பதில்லை. "புத்தாடை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஐப்பசியிலேயே வாயிலில் வந்து நிற்கிறது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்து சென்று பொருளீட்டிய இசுலாமிய வணிகக் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரிலே, ரம்சானுக்கும் புத்தாடை உண்டு. உழவர் தெருவிலே பொங்கலுக்கும் புத்தாடை உண்டு. விழா எதுவாயினும் துணி வேண்டும். துணிக்கு நூல் வேண்டும். நூலுக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் புகுகிறோம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள், மாவட்டந்தோறும் உள்ள அரசுக் கதர்க் கடைகளிலே ஒரு காட்சி நடைபெறுகிறது. காந்தியாரின் படத்துக்கு மாவட்ட ஆட்சித் தலைவர் மாலையிடுகிறார். தீபாவளிச் சிறப்பு விற்பனை தொடங்குகிறது. பருத்திக் கதருக்கு 30 விழுக்காடு தள்ளுபடி. அரசு ஊழியர்க்குத் தவணை வசதி. இத்தனை இலட்சம் ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்ற இலக்கு. விற்பவருக்கு இலக்கு உண்டு. வாங்குபவருக்குத் தள்ளுபடி உண்டு. நூற்றவளுக்கு என்ன உண்டு? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வரலாற்றின் பக்கம் திரும்புவோம்.

நூற்பு நமக்குப் புதிய தொழிலன்று. பருத்தி நூற்கும் பெண்ணைப் புறநானூறு அறியும். துணைவரை இழந்த பெண்கள் நூல் நூற்று வாழ்ந்ததை நற்றிணை அறியும். இரண்டாயிரம் ஆண்டுகளாக நூற்கும் கருவி யாருடைய கையில் இருந்தது? ஆதரவற்ற பெண்ணின் கையில்! தாலியைப் பறித்து, மூலையில் உட்காரவைத்து, விழா வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது என்று விலக்கிவைத்த சமூகம், அவள் நூற்ற நூலை மட்டும் விலக்கவில்லை. அவள் நிழல் தீட்டு. அவள் நூல் மங்கலம்! என்னே நம் முன்னோரின் நியாயம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆலை நூல் கப்பலேறி வந்தது. நெசவாளர் அதை வாங்கித் தறியை ஓட்டினர். கூறைநாட்டிலே தறி நின்றுவிடவில்லை. நின்றது இராட்டை. தறி இழந்தவன் கூக்குரல் அரசியலாயிற்று. இராட்டை இழந்தவள் கண்ணீர் அடுக்களையிலேயே காய்ந்தது.

பின்னர் கதர் இயக்கம் வந்தது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியார் அரையாடைக்கு மாறினார். கதர் வாங்கும் வசதி ஏழைக்கு இல்லை என்ற பேச்சைக் கேட்ட பின்னர் மேற்கொண்ட முடிவு அது. ஏழை நூற்ற துணியை ஏழை வாங்க முடியவில்லை! கதரின் முதல் முடிச்சு அன்றே தெரிந்துவிட்டது.

அந்நாளில் பெரியார் காங்கிரசிலே இருந்தார். செல்வச் செழிப்பில் வளர்ந்தவர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். இல்லத்தாரையும் கதர் உடுத்த வைத்தார். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திலே இராசாசி அமைத்த காந்தி ஆசிரமத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. திருவாரூரிலே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்நாளில் காங்கிரசுத் தொண்டர்தாம். காவிரிக் கரையிலே, பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துப் போராடிய அந்த வீராங்கனைக்குக் கதர் வெறும் துணியன்று. பட்டும் பகட்டும் கட்டிய கூண்டிலிருந்து பெண் வெளிவருவதன் அடையாளம். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புரிமைத் தீர்மானம் தள்ளப்பட்டது. பெரியார் வெளியேறினார், அம்மையாரும் அவர் வழியே நடந்தார்.

அந்த வெளியேற்றத்துக்குச் சற்று முன்னே நூலைப் பற்றி நடந்த ஒன்றை இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும். 1924 டிசம்பரில், காந்தியார் தலைமையிலே கூடிய பெல்காம் காங்கிரசு ஒரு விதி செய்தது: உறுப்பினராக இருப்பவர் மாதம் 2,000 கஜம் கையால் நூற்ற நூல் தரவேண்டும். உயர்ந்த எண்ணம்! உடலுழைப்பு இல்லாதவன் உறுப்பினனல்லன் என்பதன்றோ அதன் பொருள்? ஆனால், உடனே ஒரு சந்து திறக்கப்பட்டது. நூற்க இயலாதவர், விருப்பமில்லாதவர், பிறர் நூற்ற நூலைத் தரலாம்! பணமுள்ளவர் ஏழைப் பெண்ணின் நூலை விலைக்கு வாங்கினார், உறுப்பினரானார். நூற்றவள் திண்ணையிலேயே இருந்தாள். அவள் நூலுக்கு வாக்கு உண்டு, அவளுக்கு வாக்கில்லை! அடுத்த செப்டம்பரில் பாட்னாவிலே அந்த விதியும் தளர்ந்தது. நூல் அல்லது நான்கணா என்றாயிற்று. அதே பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் பிறந்தது. தமிழகத்திலே திருப்பூர் கதர்த் தொழிலின் நடுவிடமாயிற்று.

சங்கம் செய்த நன்மையை மறைப்பது பகுத்தறிவாகாது. 1935இல் அது கூலிக்கு ஒரு நெறி வகுத்தது. 8 மணி நேரம் திறம்பட உழைப்பவளுக்கு ஆண்டுக்கு 20 கஜம் துணியும், உடல் தாங்கும் அளவு உணவும் கிடைக்குமாறு கூலி இருக்கவேண்டும் என்றது. ஆலை முதலாளிகள் பலர் நினைத்தும் பாராத நெறி அது. ஆனால், நெறி வேறு, நிறைவேற்றம் வேறு. காந்தியாரே 1941இல் வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். 1940இல் 13,451 சிற்றூர்களிலே 2,75,146 பேர் நூற்றும் நெய்தும் பெற்ற தொகை 34,85,609 ரூபாய். அவர்களுள் 57,378 பேர் முஸ்லிம்கள், 19,600 பேருக்கு மேல் தாழ்த்தப்பட்டோர், பெரும்பாலோர் பெண்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12 ரூபாய் 11 அணா! மாதம் ஒரு ரூபாய்க்குச் சற்றே மேல். ஒன்றுமில்லாதவளுக்கு அந்த ஒரு ரூபாயும் உயிர்த்துளிதான். ஆயினும் உயிர்த்துளியை வாழ்வு என்று பாடலாமா?

விழாக்காலம் இந்தக் கதையிலே எங்கே வருகிறது? ஐப்பசியில் விற்கும் துணிக்கு நூல் எப்போது நூற்கப்படவேண்டும்? பஞ்சு பட்டையாகி, பட்டை நூலாகி, நூல் சிட்டமாகி, பாவாகி, தறியேறி, வெளுத்து மடித்துக் கடைக்கு வரப் பல திங்கள் ஆகும். ஆகவே, கோடையிலேயே அவள் கை ஓடியாக வேண்டும். அறுவடை முடிந்து ஆற்றில் நீர் வரும்வரை வேலையற்றுக் கிடக்கும் நாட்களுக்கு இராட்டை துணை என்பதே கதர்வாதிகள் சொன்ன பொருளாதாரம். மேட்டூர் அணை 1934இல் எழுந்தபின், காவிரிப் பாசன வயல்களுக்கு ஜூன் 12ஆம் நாளே வழக்கமான நீர்நாள். அதற்கு முந்திய வெறுமையிலே நூற்றவளின் உழைப்பு, நான்கு திங்கள் கழித்துப் பிறர் மேனியிலே விழாக்கோலம் பூணுகிறது. நூற்றவள் தீபாவளிக்கோ? கடன்!

இன்றைய நிலை என்ன? 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம், 2024 அக்டோபர் 2 முதல் சிட்டத்துக்கு 10 ரூபாயாக இருந்த நூற்புக் கூலியை 12 ரூபாய் 50 காசாக உயர்த்தியது. 2025 ஏப்ரல் முதல் அது 15 ரூபாயாயிற்று. உயர்வை வரவேற்கிறோம். சிட்டம் என்பது 1,000 மீட்டர். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறுநாள் வேலைத் திட்டத்திலே தமிழகத்துக்கு வகுத்த நாட்கூலி 336 ரூபாய். அதை இராட்டையிலே ஈட்ட 22 சிட்டத்துக்கு மேல் நூற்கவேண்டும். 22 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நூல்! கூத்தாநல்லூரிலே ஒரு முனையைக் கட்டினால், திருவாரூரைத் தொட்ட பின்னும் நூல் மிச்சமிருக்கும். ஒரு நாள் கூலிக்கு அவள் விரல் நடக்கும் தொலைவு அது.

நாம் இராட்டையைப் பழிக்கவில்லை, வழிபடவும் இல்லை. அது ஒரு கருவி. ஏரைப்போல, தறியைப்போல ஒரு கருவி. தமிழகத்து ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட அம்பர் சர்க்காவை அமைத்ததும் அதனால்தான். புனிதப் பொருளாக அவர் கருதியிருந்தால் தொட்டுத் திருத்தியிருப்பாரா? கருவியைத் திருத்தலாம், மாற்றலாம், வேண்டாதபோது விடலாம். அதை இயக்கும் மனிதரைத்தான் விடக்கூடாது. புனிதம் என்ற சொல் எங்கே உயர்கிறதோ, அங்கே கூலி தாழ்வதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

தோழர்களே! அடுத்த விழாக்காலத்திலே கதர்க் கடைப் படியேறுங்கள். தள்ளுபடிப் பலகையைப் படியுங்கள். அதன் பக்கத்திலே இன்னொரு பலகை கேளுங்கள்: "இந்தத் துணிக்கு நூற்றவளுக்குக் கொடுத்த கூலி இவ்வளவு." அந்த ஒரு வரி எழுதப்படும் நாள் வரட்டும். அன்றுதான் நூற்ற கைக்கும் அது திருநாள்.