கடல் கடந்த வருமானமும் வரியும்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுவது தமிழருக்குப் புதிதன்று. ஆயினும், அயல்நாட்டில் ஈட்டிய பொருளுக்கு எந்த அரசுக்கு வரி செலுத்துவது என்ற வினா அவ்வளவு பழையதன்று. மாணவ நேயர்களே, அவ்வினாவின் வரலாற்றை ஒரு வழக்கின் துணைகொண்டு கூற விரும்புகிறேன்.

செட்டிநாட்டு வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலும் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைகள் வைத்தனர். கடையை நடத்தும் ஏஜெண்டு பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் செல்வார். கடை அக்கரையில்; வீடும் கோயிலும் இக்கரையில்.

1922-ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் முதலில் இவர்களிடம் ஓரளவு மென்மையாகவே நடந்துகொண்டது. வெளிநாட்டு வணிக இலாபம், அது விளைந்த ஆண்டு முடிந்து மூன்றாண்டுகளுக்குள் இங்கே கொண்டுவரப்பட்டால்தான் வரி. 1939-இல் இந்நிலை மாறியது. இந்தியவாசி என்று கருதப்படுபவரின் அயல்நாட்டு வருமானம், இங்கே வந்து சேராவிடினும், பொதுவாக வரிக்கு உட்பட்டது. இலங்கையோ 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தானும் வருமான வரி விதித்து வந்தது. 1937 ஏப்ரல் முதல் நாளில் பர்மாவும் இந்தியாவினின்று பிரிந்தது. நேற்றுவரை உள்நாடாக இருந்த இரங்கூன் அயல்நாடாயிற்று.

அப்படியானால் இந்தியவாசி யார்? தனி மனிதருக்கு அவர் இங்கே தங்கிய நாள்களை எண்ணலாம். 182 நாள் என்பது ஓர் அளவுகோல். கூட்டுக் குடும்பத்துக்கு என் செய்வது? அதன் நிருவாகமும் கட்டுப்பாடும் முற்றிலும் வெளிநாட்டில் இருந்தாலன்றி, அக்குடும்பம் இந்தியவாசியே என்றது சட்டம்.

சட்ட மாணவனாக இருந்தபோது, சுப்பையா செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-இல் அளித்த தீர்ப்பைப் படித்தேன். வறண்ட ஏடு என்றெண்ணித் திறந்தேன். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே அதில் இருந்தது. குடும்பத் தலைவர் மனைவி மக்களோடு இலங்கையில் வாழ்ந்தவர். கொழும்பில் வணிகம் நடத்தியவர். வழக்குக்குரிய கணக்காண்டில் அவர் இந்தியாவில் இருந்தது 101 நாள். அந்நாள்களில் நிலவழக்கைக் கவனித்தார். இரண்டு கூட்டு வணிகங்களைத் தொடங்கினார். இந்தியக் காரியங்களும் இயல்பாகக் கொழும்பிலிருந்தே நடத்தப்பட்டன என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. அதற்குப் போதிய சான்றுகளை அவர் காட்டவில்லை. குடும்பம் இந்தியவாசியே என்று தீர்ப்பாயிற்று. கடிதக் கட்டுகள் முழுமையாக நீதிமன்றம் ஏறியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்று அன்று நான் எண்ணியதுண்டு.

ஒரே வருமானத்தின்மேல் இரு அரசுகள் கை வைத்தால் உழைப்பவன் நிலை என்னாகும்? இதற்கு நாடுகள் தம்முள் உடன்பாடு செய்துகொண்டன. இந்தியாவும் இலங்கையும் 1956-இல் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை செய்தன. 1982-லும் 2013-லும் புதியன கண்டன. இதன் உட்பொருள் எளிது. நூறு ரூபாய் வருமானத்துக்கு அங்கே இருபது ரூபாய் வரி கட்டினீர்கள் என்று கொள்வோம். இங்கே முப்பது ரூபாய் வரியானால், முன் கட்டியதைக் கழித்து எஞ்சிய பத்தைச் செலுத்தினால் போதும். ஆனால், அங்கே கட்டியதற்குச் சான்று வேண்டும். இங்கே கணக்கும் ஒப்புவிக்க வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை அயல்நாடு சென்று பொருளீட்டக்கூடும். தங்கிய நாள்களைக் குறித்து வையுங்கள்; வரி கட்டிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தாம் எந்நாட்டில் வாழ்பவர் என்பதை மனிதர் தம் மனத்தால் அறிவர். அரசோ ஏட்டைப் பார்த்தே அறியும்.