மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சா? அதுவரை சும்மா உட்காரக் கூடாது.. ஏன் தெரியுமா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானதும் பல வீடுகளில் சொல்லும் முதல் வார்த்தை, "இனி காலை ஆட்டாம உட்காருங்க" என்பதுதான். அக்கறையில் சொன்னாலும், இந்த ஓய்வு ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதை இன்னும் சிரமமாக்கிவிடும்.

என்ன காரணம்?

முழங்காலை நீட்டவும், நிற்கும்போது மடங்காமல் தாங்கவும் உதவுவது தொடையின் முன்பக்க தசை. மூட்டு தேய்ந்தவர்களுக்கு வலியால் இந்த தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் வீக்கத்தால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையும் மந்தமாகும். முதல் மாதத்தில் தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. புது மூட்டு பொருத்தினாலும் அதை இயக்க வேண்டியது பழைய தசைதான். கையில் சேமிப்பு இருந்தால்தானே செலவைத் தாங்க முடியும்!

பயிற்சி செய்தால் மூட்டு இன்னும் தேயுமா?

பலருக்கும் இருக்கும் பயம் இது. சரியான அளவில் செய்யும் தசைப் பயிற்சி தேய்மானத்தை அதிகமாக்குவதில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பதே உடற்பயிற்சிதான்.

என்னென்ன செய்யலாம்?

* காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து 5 விநாடி கீழ்நோக்கி அழுத்துவது.
* படுத்தபடி, ஒரு காலை மடக்கி வைத்து, மறுகாலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது.
* குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுவது.
* உயரமான, நகராத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது.
* நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி உடலை லேசாக உயர்த்துவது. வாக்கர் பிடித்து நடக்க கைக்கும் பலம் வேண்டுமே!

ஒவ்வொன்றையும் 10 முறையில் தொடங்கலாம். பலம் கூட சில வாரங்கள் ஆகும் என்பதால், ஆபரேஷனுக்கு 4 முதல் 8 வாரங்களுக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. நல்ல காலையும் விட்டுவிடக் கூடாது. முதல் சில வாரம் உடல் பாரத்தை அதிகம் சுமக்கப் போவது அதுதான்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பலன் எவ்வளவு?

ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. பலன் தெரிவது முதல் சில வாரங்களில்தான். ஆனால் யார் துணையும் இல்லாமல் கட்டிலிலிருந்து எழுவதும், பாத்ரூம் வரை போய் வருவதும் அந்த நாட்களில்தான் பெரிய விஷயம். தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும், மாடிப்படி ஏறியே வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கும் இது சின்ன லாபம் இல்லை.