தடைக்காலத்து வீட்டுப் பட்டறை

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் நின்றது. வண்டி திருத்தும் வேலை வீட்டு முற்றங்களுக்கு வந்தது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கினர். சூடேறியபின் அது மண்ணெண்ணெயில் ஓடியது. அழுத்த விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின் கார்கள் இதனைத் தாங்கின. கரி படியும் பிளக்கைக் கழற்றித் துடைக்க ஸ்பானரும் தூரிகையும் கைவசம் இருக்கவேண்டும். கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோ வானொலிக்கு மின்சாரம் தந்தது.

இதனை எம்மவரின் கைத்திறன் என்று மட்டும் புகழ்வது அரைகுறை வரலாறு. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.