நாசரேத்திலிருந்து வந்த கிட்டார்



இந்த வாரத் தியானத்துக்காக யோவான் 1:43–46, தானியேல் 3:1–7, வெளிப்படுத்தின விசேஷம் 5:8 ஆகிய பகுதிகளை முதலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

நம் வாலிபர் ஐக்கியத்தார் ஓர் ஆண்டாகச் சேர்த்த பணத்தில் ஆராதனைக்கென்று ஒரு கிட்டார் வாங்க அனுமதி கேட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நான் மிகவும் மதிக்கும் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, அது சினிமா வாத்தியம். ஆர்மோனியமும் கீர்த்தனையும் நம் தகப்பன்மார் நமக்கு வைத்துப்போனவை. அவை இருக்க, இந்த அந்நிய வாத்தியம் எதற்கு?" என்று கேட்டார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வாலிபன் ஒருவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்று நான் பதில் சொல்லவில்லை. இருவரும் எனக்குப் பிரியமானவர்கள். இருவரும் கர்த்தருடைய வீட்டைக் குறித்த வைராக்கியத்தினாலேயே பேசுகிறார்கள். ஆகவே வரலாறு என்ன சொல்லுகிறது என்று தேடினேன். கண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

மூப்பருடைய கேள்வி புதியதன்று. பிலிப்பு இயேசுவைக் குறித்து அறிவித்தபோது, நாத்தான்வேலுக்கு முதலில் எழுந்ததும் ஊரைப்பற்றிய ஐயமே. நாசரேத்தா, அங்கிருந்து நல்லது வருமா என்று அவன் கேட்டான். பிலிப்பு அவனோடு வாதாடவில்லை. நேரில் வந்து காணும்படி அழைத்தான். நாமும் அப்படியே போய்க் காண்போம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள இந்தப் பாலவனத்தம் ஒரு காலத்தில் ஜமீனாக இருந்தது. அதன் தலைவராயிருந்த பாண்டித்துரைத் தேவர் (1867–1911) 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் இசைக்கும் புரவலராயிருந்தார் என்பதை அறிந்தவர் குறைவு. 'பூச்சி' என்று இசை உலகம் அன்போடு அழைத்த இராமநாதபுரம் ஸ்ரீநிவாச அய்யங்காரை (1860–1919) ஆதரித்தவர் அவர். அந்த வித்துவானுடைய மாணவரே, இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவராகப் போற்றப்படும் அரியக்குடி இராமாநுஜ அய்யங்கார்.

அவர்கள் பாடிய மேடைகளில் பாடகருக்குத் துணையாக அமர்ந்தது வயலின். இன்று அதை அந்நிய வாத்தியம் என்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858), சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றார் என்பது இசை வரலாறு. பின்னாளில் அவர் நமக்குத் தெற்கே உள்ள எட்டயபுரத்தின் சமஸ்தான வித்துவானார். இந்தக் கரிசல் சீமைக்கு வயலின் வந்த வழி அதுவே. அவர் அதைத் தரையில் அமர்ந்து வாசிக்கும் நம் மரபுக்கு இசைவித்தார். நம் கமகங்களை அதன் தந்திகளுக்குக் கற்பித்தார். வாத்தியம் நம்முடையதாயிற்று.

ஆர்மோனியத்துக்கு வாருங்கள். அதுவும் பிறப்பால் நம்முடையதன்று. 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாண்டர் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற கருவி அது. காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் அதன் உருவத்தை மாற்றி, தரையில் வைத்துக் கையால் இயக்கும் பெட்டியாகச் செய்தவர்கள் கல்கத்தாவின் கைவினைஞர்கள். நம் இசைக்கு அது பொருந்தாது என்று கருதி அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. பிரான்சிலிருந்து வந்து, வானொலியால் தள்ளப்பட்ட ஒரு வாத்தியத்தையே இன்று நாம் தகப்பன்மாரின் சொத்து என்று காத்துக்கொண்டிருக்கிறோம். அதில் தவறில்லை. தள்ளப்பட்ட காலத்திலும் கிராமச் சபைகளில் அதைக் கைவிடாத உபதேசியார்களே அதை நம் சொத்தாக்கினார்கள்.

நம் கீர்த்தனைகளும் இந்தப் பாதையில் நடந்தே வந்தன. தரங்கம்பாடியில் தொடங்கிய சபைகள் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, ஜெர்மானிய மெட்டிலேயே பாடிவந்தன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் இராகங்களில் கிறிஸ்துவைப் பாடியபோது, அவை ஆராதனைக்கு ஏற்றவையல்ல என்று மிஷனரிமார் சிலர் எதிர்த்தனர். பின்பு நம் வட்டாரத்தில் ஊழியம் செய்த அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், அவர் பாடல்களைச் சேர்த்து 1853இல் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்டார். அன்று அந்நிய மெட்டே பரிசுத்தம், நம் மெட்டு ஆபத்து என்றார்கள். இன்று அந்நிய வாத்தியம் ஆபத்து என்கிறோம். அச்சத்தின் பெயர் மாறியிருக்கிறது, அச்சம் மாறவில்லை.

இனி கிட்டாருக்கு வருவோம். இன்று உலகமெங்கும் ஆறு உலோகக் கம்பிகளோடு வாசிக்கப்படும் கிட்டாரின் வடிவத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு பெரிது. ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் என்னும் ஊரில் மார்ட்டின் குடும்பத்தார் மரத்தச்சர்களாயிருந்தார்கள். கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின் வியன்னாவுக்குச் சென்று கிட்டார் செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார். அவ்வூரின் வயலின் செய்வோர் சங்கம், மேசையும் அலமாரியும் செய்கிற தச்சர்கள் வாத்தியம் செய்யலாகாது என்று வழக்காடியது. அந்த நெருக்கத்தில் மனம் சலித்த மார்ட்டின் 1833இல் குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க்குக்குப் போனார். சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்தும் புறப்பட்டு, பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் குடியேறினார்.

அந்த ஊரின் பெயர் நாசரேத். மொரேவியச் சகோதரர்கள் 1740இல் ஏற்படுத்திய விசுவாசிகளின் குடியிருப்பு அது. அதே மொரேவியர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, 'சகோதரர் தோட்டம்' அமைத்து, கைத்தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்ததை நம் திருச்சபை வரலாறு கூறுகிறது. நமக்கு நாசரேத் என்றதும் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் நினைவுக்கு வரும். கடலுக்கு அப்பாலும் ஒரு நாசரேத் இருக்கிறது. மார்ட்டின் கிட்டார்கள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. தச்சன் வாத்தியம் செய்யலாமா என்று தள்ளப்பட்டவர் நாசரேத்தில் வேலையைத் தொடர்ந்தார். தச்சனுடைய குமாரன் என்று தம் சொந்த ஊரிலேயே இகழப்பட்ட நம் ஆண்டவரை எண்ணாமல் இதை எப்படி வாசிப்பது?

மேல்பலகையின் உட்புறத்தில் பெருக்கல் குறியைப்போலக் குறுக்காக ஒட்டப்படும் மரச் சட்டங்களின் அமைப்பு மார்ட்டின் பட்டறையில் வளர்ந்து நிலைத்தது. ஒரு கிட்டாரின் ஆறு உலோகக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடையின் இழுப்பை அதன்மேல் சுமத்துகின்றன. மேல்பலகையோ 3 மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ளது. வெளியே தெரியாத அந்தச் சட்டங்களே பலகை பிளவாமல் தாங்குகின்றன. சட்டம் கனத்தால் ஒலி அடைபடும். மெலிந்தால் பலகை வளைந்துபோகும். தாங்கவும் வேண்டும், அதிரவும் விடவேண்டும். சபையில் மூப்பர்களின் பணியும் இதுவே என்று எண்ணுகிறேன்.

சினிமா வாத்தியம் என்னும் குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் 1842இல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கி, இன்று மியூசி மியூசிக்கல் என்னும் பெயரில் நடக்கும் கடை, தமிழ்த் திரை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மேற்கத்திய வாத்தியங்களை விற்றுவந்தது. பண்ணைப்புரத்திலிருந்து சென்ற இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறினார். இசையமைப்பாளராகுமுன் பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தார். திரைப்படம் கிட்டாரைப் பயன்படுத்தியது, அதை உண்டாக்கவில்லை. வயலினையும் தபேலாவையும் திரைப்படம் பயன்படுத்தியிருக்கிறது. அதற்காக நாம் அவற்றை வெளியே தள்ளினோமா?

இப்போது வேதத்தைத் திறவுங்கள். கிட்டார் என்னும் பெயர் 'கித்தாரா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அரபு, ஸ்பானிய மொழிகளின் வழியாக வந்தது. அந்தப் பழைய கித்தாரா யாழ் போன்றது. இன்றைய கிட்டாரின் வடிவம் அதற்கில்லை. ஆனாலும் அந்தப் பெயர் வேதத்தில் நிற்கும் இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. தானியேல் 3ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலைக்குமுன் முழங்கிய வாத்தியங்களுள் மூன்றாவது, மூலமொழியில் அந்தக் கிரேக்கப் பெயரையே தாங்கியிருக்கிறது; நம் தமிழ் வேதாகமம் அதைக் கின்னரம் என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 5:8இல் ஆட்டுக்குட்டியானவருக்குமுன் வணக்கமாய் விழுகிற மூப்பர்கள் கைகளில் இருப்பதும் மூலமொழியில் கித்தாராவே. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர் சுரமண்டலம் என்று எழுதினார்கள்.

ஒரே பெயர்கொண்ட வாத்தியம் சிலையின்முன்னும் நின்றது, சிங்காசனத்தின்முன்னும் நிற்கிறது. வேறுபாடு மரத்திலும் கம்பியிலும் இல்லை. எவருக்குமுன் வாசிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. சிங்காசனத்தின்முன் அதை ஏந்தியவர்கள் வாலிபரல்ல, மூப்பர்கள் என்பதையும் நம் மூப்பர்கள் தயவாய்க் கவனிக்கவேண்டும்.

வாலிபரே, இத்தனையும் கேட்டு வழக்கில் வென்றோம் என்று மகிழாதிருங்கள். ஆமோஸ் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீதைப்போல வாத்தியங்களைத் தங்களுக்கு உண்டாக்கிக்கொண்டும், யோசேப்பின் ஆபத்தைக் குறித்துக் கவலைப்படாதவர்களைத் தீர்க்கதரிசி அங்கே கண்டிக்கிறார். கிட்டார் விரும்பிகளுக்கு ஒரு நோய் உண்டு: சில ஆயிரம் ரூபாய்க் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டே, இலட்சங்களில் விற்கும் மார்ட்டினை எண்ணி ஏங்குவது, விரல் பழகுமுன் அடுத்த கருவியைத் தேடுவது. மதுரைக் கடைகளில் கிடைக்கும் எளிய யமஹாவோ கிவ்சனோ நம் ஆராதனைக்குப் போதும். வாங்கும்போது கழுத்து நேராயிருக்கிறதா, கம்பி பலகையிலிருந்து அதிக உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். உயரம் மிஞ்சினால் புதிதாய்ப் பழகுகிறவன் விரல் நொந்து ஒரே மாதத்தில் விட்டுவிடுவான்.

வாங்கியபின் அதைக் காக்கவும் வேண்டும். கிட்டாரின் மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது. நம் சித்திரை வெயிலில் காற்று உலர்ந்தால் பலகை சுருங்கி வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊதிச் சுருதி கலையும். ஆகவே உறையில் வைத்து, வெயில் படும் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். ஒவ்வொரு ஆராதனைக்குமுன்னும் சுருதி கூட்டுங்கள். முதலில் வாசிக்கக் கற்பது ஒரு கீர்த்தனையாக இருக்கட்டும். அதை அந்த மூப்பரிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வயலினை நம்முடையதாக்கியது கடையில் கொடுத்த விலையன்று, நம் இராகத்துக்குக் கீழ்ப்படிந்த விரல்களின் பொறுமை.

மூப்பர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். தலையைக் குனிந்த அந்த வாலிபனை அழைத்து அருகே உட்காரவையுங்கள். அவன் வாசிக்க, நீங்கள் ஆர்மோனியத்தில் சுருதி கொடுங்கள். நாசரேத் என்றதும் புருவம் உயர்த்திய நாத்தான்வேல், எழுந்துபோய்க் கண்டபின் தேவனுடைய குமாரனை அறிக்கையிட்டான். போகாமல் அத்திமரத்தின்கீழேயே இருந்திருந்தால் அவன் எதை இழந்திருப்பான் என்று எண்ணிப்பாருங்கள்.

ஜெபிப்போம்: தச்சனுடைய வீட்டில் வளர்ந்த எங்கள் ஆண்டவரே, எங்கள் பழைய வாத்தியத்தைக்குறித்த பெருமையையும் புதிய வாத்தியத்தைக்குறித்த இச்சையையும் எங்களைவிட்டு நீக்கும். எங்கள் கைகளையும் இருதயங்களையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாரும். எங்கள் சபையில் ஒலிக்கும் எந்த நாதமும் உமக்குமுன்பாக மாத்திரமே ஒலிக்கட்டும். ஆமென்.