பிப்ரவரி 25: குவைத் வரலாற்றில் ஒரு தேதி உருவான முறை

ஆண்டுகள் வேறாக இருக்க, மாதமும் தேதியும் ஒன்றாக அமையும் நிகழ்ச்சிகளைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனினும் அத்தகைய ஒருமைகள் எல்லாமே தாமாக நேர்ந்தவை அல்ல. சில, ஆட்சியாளரின் முடிவால் அமைக்கப்பட்டவை. குவைத்தின் தேசிய நாளான பிப்ரவரி 25 இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஓர் அமீர் பதவியேற்ற நாளும் நாட்டின் விடுதலைக் கொண்டாட்டமும் அத்தேதியில் எவ்வாறு இணைந்தன என்பதையும், பின்னர் மூண்ட போர் அதற்கு என்ன பொருள் சேர்த்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உடன்படிக்கையும் எண்ணெயும்

1899 ஜனவரி 23 அன்று குவைத் ஆட்சியாளர் ஷேக் முபாரக் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரிட்டனின் இசைவின்றிப் பிறநாட்டாருக்கு நிலம் அளிப்பதோ அவர்தம் பிரதிநிதிகளை ஏற்பதோ கூடாது என்றாயிற்று. முத்துக்குளிப்பையும் கடல்வணிகத்தையும் நம்பியிருந்த அந்நாட்டில், 1938 பிப்ரவரியில் புர்கான் வயலில் எண்ணெய் கண்டறியப்பட்டது. உலகப் போரால் தடைபட்ட பணி மீண்டும் தொடங்கி, 1946 ஜூன் 30 அன்று மீனா அல் அஹ்மதி துறையிலிருந்து முதல் எண்ணெய் ஏற்றுமதி நடைபெற்றது. அத்துறைக்கு அண்மையில், மீன்பிடிப்பும் முத்துக்குளிப்பும் தொழிலாக இருந்த கடலோரச் சிற்றூரான ஃபஹாஹீல், எண்ணெய்த் தொழிலை ஒட்டி நகரமாக வளர்ந்து, பிற்காலத்தில் தமிழர் உள்ளிட்ட இந்தியர் பெருமளவில் வாழும் இடமாயிற்று.

இரு நாள்கள் ஒன்றானமை

1950 ஜனவரியில் ஷேக் அஹ்மத் அல் ஜாபிர் மறைந்தபின், பிப்ரவரி 25 அன்று ஷேக் அப்துல்லா அல் ஸாலிம் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவர் காலத்தில், 1961 ஏப்ரலில், இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென வெளியிட்டிருந்த ரூபாய்க்கு மாற்றாகக் குவைத் தீனார் புழக்கத்திற்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று, வளைகுடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் லூஸும் அவரும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டு 1899ஆம் ஆண்டு உடன்படிக்கையை முடிவுக்குக் கொண்டுவந்தனர். ஒரு வாரத்திற்குள் ஈராக் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம் குவைத்துக்கு உரிமை கோரியதால், விடுதலை தொடக்கத்திலேயே சோதனைக்கு உள்ளாயிற்று.

முதல் தேசிய நாள் 1962 ஜூன் 19 அன்று கொண்டாடப்பட்டது. ஆனால் 1964 மே 18 அன்று வெளியான ஆணை, விடுதலை நாளை அமீர் பதவியேற்ற நாளோடு இணைத்து, கொண்டாட்டத்தைப் பிப்ரவரி 25க்கு மாற்றியது. ஜூன் மாதக் கடும் வெயில் இம்மாற்றத்திற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. எனினும் அண்டை நாடுகளின் வரலாறு வேறொரு காரணத்தையும் எண்ணத் தூண்டுகிறது. பஹ்ரைன் 1971 ஆகஸ்ட் 15 அன்று, அதாவது இந்தியா விடுதலை பெற்ற அதே தேதியில், பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டும், ஷேக் ஈஸா பின் ஸல்மான் 1961இல் அரியணையேறிய டிசம்பர் 16ஐயே தேசிய நாளாகக் கொண்டது. கத்தாரும் 1971ஆம் ஆண்டு விடுதலையைக் குறித்த செப்டம்பர் 3ஐ 2007இல் கைவிட்டு, ஷேக் ஜாஸிம் 1878இல் தலைமையேற்ற டிசம்பர் 18ஐ ஏற்றது. அந்நியர் விலகிய நாளைவிட ஆள்வோர் பொறுப்பேற்ற நாளே நாட்டின் தொடக்கமாக முன்வைக்கப்பட்டது என்பதை இம்மூன்று தேர்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

இங்கு நாட்காட்டியின் பங்கும் கருதத்தக்கது. நிலவின் சுழற்சியைக் கொண்டு கணிக்கப்படும் ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள்கள் குறைவானது. ஆகவே நோன்பும் பெருநாளும் பருவம் விட்டுப் பருவம் நகர்கின்றன. பதவியேற்பும் விடுதலையும் ஆண்டுதோறும் குளிர்காலத்தின் ஒரே நாளில் நினைவுகூரப்படுவது, ஆங்கில நாட்காட்டியை அரசு ஏற்றதன் விளைவாகும்.

போர் சேர்த்த பொருள்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கு வாழ்ந்த இந்தியர் பலர் உடைமைகளை இழந்து ஜோர்டான் வழியே வெளியேறினர். அம்மான் நகரிலிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் தாயகம் சேர்க்கப்பட்டனர். குவைத்தை மீட்க 1991 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய தரைப்போரில், ஈராக்கின் பின்வாங்கல் அறிவிக்கப்பட்ட 26ஆம் நாள் விடுதலை நாளாயிற்று. முந்தைய நாளில், அதாவது குவைத்தின் தேசிய நாளிலேயே, சவுதி அரேபியாவின் தஹ்ரான் பகுதியில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை தாக்கி 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். தீ வைக்கப்பட்ட 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில், ஃபஹாஹீலுக்கு அருகிலுள்ள புர்கான் வயலின் கிணறுகளும் அடங்கும். கடைசித் தீ அணைந்தது 1991 நவம்பர் 6 அன்றேயாகும்.

எனவே பிப்ரவரி 25இல் மூவேறு உறவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். பதவியேற்பும் விடுதலைக் கொண்டாட்டமும் அரசாணையால் ஒன்றாயின. 26ஆம் நாள் போரின் போக்கினால் அதனருகே அமைந்து, அரசு விடுமுறையால் அதனோடு பிணைந்தது. தஹ்ரான் தாக்குதலோ வெறும் உடன்நிகழ்வு. ஒரே தேதியில் இரு நிகழ்ச்சிகள் தோன்றும்போது, அவற்றை அத்தேதியில் சேர்த்தவர் யார், எப்போது சேர்த்தார் என்று முதலில் வினவுவதே ஆய்வாளரின் கடமையாகும்.