சிறையிலிருந்து செங்கோலுக்கு

கோயம்புத்தூர் மத்தியச் சிறை என்றவுடன் மாணவர்களுக்கு நினைவு வருவது வ. உ. சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கு. அச்சிறைக்கு மற்றொரு நினைவும் உண்டு. சின்னியம்பாளையத்தில் ஆலைத் தகராறு ஒன்றை ஒட்டி நிகழ்ந்த கொலைக்காகத் தண்டனை பெற்ற தொழிலாளர் நால்வர், 1946ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் அங்கே தூக்கிலிடப்பட்டனர். ஆலைச் சங்கு ஊதும் ஊர்களில் அந்த நாள் நெடுங்காலம் மறக்கப்படவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. ஆயினும் சிறைகளின் வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1948இல் கம்யூனிஸ்டுக் கட்சி ஆயுதப் புரட்சிப் பாதையை மேற்கொண்டது. சென்னை மாகாண சர்க்கார் அக்கட்சியினரை நூற்றுக்கணக்கில் விசாரணையின்றிக் காவலில் வைத்தது. மலையாள மாவட்டமாகிய மலபார் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே அங்கே பிடிபட்ட குடியானவர்கள் பலர் கொங்கு நாட்டுச் சிறைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். சேலம் சிறையில் கைதிகளுக்கும் காவலருக்கும் மூண்ட பூசல், 1950 பிப்ரவரி 11ஆம் நாள் துப்பாக்கிப் பிரயோகத்தில் முடிந்தது. இருபத்திரண்டு கைதிகள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். உயிருக்கும் உரிமைக்கும் உறுதி கூறும் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்து அன்றைக்குப் பதினாறே நாட்கள்தான் ஆகியிருந்தன!

அதே மாதத்தில் பார்லிமெண்டு தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. 1947 முதல் காவலில் இருந்துவந்த மலபார்த் தலைவர் ஏ. கே. கோபாலன், அச்சட்டம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். புதிய அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளைப் பற்றி அந்த நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த முதற் பெருவழக்கு அதுவே. சட்டசபை ஒரு சட்டத்தைச் செய்து, அச்சட்டம் கூறும் முறைப்படி ஒருவனை அடைத்துவிட்டால் போதுமா? அல்லது அந்த முறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டுமா? வழக்கின் உயிர்நிலை இக்கேள்விதான். 1950 மே 19ஆம் நாள் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், சட்டம் வகுத்த முறை பின்பற்றப்பட்டால் போதும் என்றனர். காவலுக்குரிய காரணங்களைக் கோர்ட்டுக்குத் தெரிவிக்கக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாதென ஒதுக்கப்பட்டது. நீதிபதி பஸல் அலி மாறுபட்டு எழுதினார். கோபாலன் தோற்றார், ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை.

இதுவரை நாம் கண்டது உரிமை கேட்டவர்களின் கதை. அவர்களே ஆட்சிக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? இதைச் சொல்லக் கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினாலே போதும். 1956 நவம்பரில் கேரள ராஜ்யம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அங்கே நடந்த பொதுத்தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி வென்றது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் முதல் மந்திரியானார். ஆயுதத்தால் அன்றி வாக்குச் சீட்டால் அக்கட்சி அரசேறியதை உலகமே உற்று நோக்கியது. அதே தேர்தலில் கோவையும் அக்கட்சியைச் சேர்ந்த பார்வதி கிருஷ்ணனை லோக் சபைக்கு அனுப்பியது.

புதிய மந்திரிசபையின் முதற் செயல்களைப் பார்த்தால், சிறையை நேரில் கண்டவர்களின் கை அவற்றில் தெரிகிறது. அரசியல் கைதிகள் விடுதலை பெற்றனர். மரண தண்டனைகள் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன. ஏப்ரல் 11ஆம் நாளே ஓர் அவசரச் சட்டம் பிறந்தது: குடியானவனை நிலத்திலிருந்தோ குடிசையிலிருந்தோ வெளியேற்றலாகாது. கூரையிருந்தால்தானே மற்ற உரிமைகளைப் பற்றிப் பேச இயலும்! என் கருத்தில், அந்த மந்திரிசபை செய்த யாவற்றுள்ளும் இதுவே தலையாயது.

எல்லாவற்றினும் அதிக வாதத்தைக் கிளப்பியது போலீஸ் கொள்கையே. முதலாளி புகார் செய்ததும் போலீஸார் ஆலை வாயிலுக்கு வந்து தொழிலாளரை விரட்டுவது நெடுநாள் வழக்கம். கோவை ஆலைத் தொழிலாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழில் தகராறிலும் குடியானவர் கிளர்ச்சியிலும், அவை அமைதியாக நடக்கும்வரை போலீஸ் தலையிடாது என்று நம்பூதிரிபாட் அறிவித்தார். ஏழைகள் மகிழ்ந்தனர். எதிர்க்கட்சியினரோ, போலீஸ் விலகிய இடத்தில் கட்சிக்காரர்களின் அதிகாரம் புகுந்துவிட்டது என்று குற்றஞ்சாட்டினர். அக்குற்றச்சாட்டில் அரசியல் கலந்திருந்தது மெய்; ஆயினும் அதை முற்றும் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. ஆளும் கட்சியைச் சேராதவனுக்கும் அதே பாதுகாப்புக் கிட்டினாலன்றி அதை உரிமை என்று சொல்ல முடியாதல்லவா?

சோதனை ஓராண்டில் வந்தது. 1958 ஜூலை 26ஆம் நாள் கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்மீது போலீஸ் சுட்டது; இருவர் இறந்தனர். அக்டோபரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். அங்கும் துப்பாக்கி வெடித்து இரு உயிர்கள் போயின. உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் மூணாறு. அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தொழிலாளர்மீது போலீஸை ஏவமாட்டோம் என்று வாக்களித்த அரசின் கீழேயே தொழிலாளர் சுடப்பட்டனர். ஆட்சியின் நண்பர்கள் இதை விரைந்து கடந்துவிடுவர். பகைவர்கள் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பர். நாம் இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

கல்வி மசோதாவும் இவ்வாறே இருமுனைக் கத்தியாயிற்று. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளத்தையும் வேலையையும் அது உறுதிசெய்தது. ஆனால் தம் பள்ளிகளைத் தாமே நடத்தும் உரிமை பறிபோகும் என்று சிறுபான்மையினர் அஞ்சினர். 1958இல் சுப்ரீம் கோர்ட்டும் சில பிரிவுகளைப் பற்றிய அவர்களது ஆட்சேபத்தில் நியாயம் உண்டெனக் கருத்துரைத்தது. 1959 ஜூனில் எதிர்க்கட்சிகளின் பெருங்கிளர்ச்சி மூண்டது. அங்கமாலியில் ஏழுபேர் சுடப்பட்டு இறந்தனர். ஜூலை 31ஆம் நாள் மத்திய சர்க்கார் மந்திரிசபையைக் கலைத்தது. சட்டசபையில் பெரும்பான்மை இருக்கும்போதே கலைத்தது. மக்கள் தேர்ந்த ஆட்சியை இவ்வாறு நீக்குவதும் ஓர் உரிமைப் பிரச்சினையே என்று அன்று பலர் கருதினர்; இன்றும் கருதுகின்றனர்.

அந்த மந்திரிசபையில் சட்டம், சிறை, நீர்ப்பாசனம் முதலிய இலாகாக்களை வகித்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பிறந்த ஊர் பாலக்காடு. அவர் கட்சி உறுப்பினரல்லர். தலைச்சேரியில் ஏழைக் குடியானவருக்காக வழக்காடிய வக்கீல். 1948இல் தாமே ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தவர். (ஆளியாற்று நீர் பொள்ளாச்சி வயல்களுக்கு வருவதைப் பற்றி 1958இல் இரு ராஜ்யங்களும் பேசியபோது, கேரளத்தின் பாசன மந்திரி அவரே.) மந்திரி பதவி இருபத்தெட்டு மாதங்களில் போயிற்று. 1973இல் அவர் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானார்.

கோபாலன் 1977 மார்ச்சில் காலமானார். பத்து மாதங்கள் கழித்து, 1978 ஜனவரி 25ஆம் நாள், மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டம் வகுத்த முறை இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமும் நேர்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. கோபாலன் தோற்ற கேள்விக்கு அன்றுதான் அவருக்குச் சாதகமான விடை கிடைத்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளுள் கிருஷ்ணய்யரும் ஒருவர். அதே ஆண்டு சுனில் பத்ரா வழக்கில், சிறைக்குள் சென்றதால் ஒருவனது அடிப்படை உரிமைகள் யாவும் அழிந்துவிடுவதில்லை என்பது உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டு, உடனிருந்த கைதி ஒருவனை வார்டர் சித்திரவதை செய்ததாகத் தில்லி திகார் சிறையிலிருந்து பத்ரா ஒரு கடிதம் எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. அக்கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்து, 1979 டிசம்பரில் தீர்ப்பெழுதியவர் கிருஷ்ணய்யர்.