2.4 லிட்டர்: அமெரிக்க பிக்கப் எஞ்சின் போய்த் திரும்பி வந்த கதை

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தது. டென்வரில் இருக்கும் என் காலேஜ் நண்பன் அனுப்பியது. "மச்சி, ஒரு மிட்சைஸ் பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மோஆப் போகணும். நீதான் மெக்கானிக்கல் படிச்சவனாச்சே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆறு வருஷமாக ஜாவா எழுதிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் ஆசை விடவில்லை. மோஆப் என்பது யூட்டா மாநிலத்தில் இருக்கும் செம்பாறைப் பிரதேசம். வண்டியை வைத்துப் பாறை ஏறுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட சபரிமலை. உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். எல்லா வண்டியின் முறுக்குவிசையையும், அதாவது டார்க்கை, நியூட்டன் மீட்டரில் எழுதி பெரிதிலிருந்து சிறிதுக்கு வரிசைப்படுத்தினேன்.

டொயோட்டா டகோமா ஹைப்ரிட் 630. செவர்லே கொலராடோ 583, ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரும் அதே 583. சாதாரண டர்போ டகோமா 430. நிசான் ஃப்ரான்டியர் 381. கடைசியில் ஜீப் கிளாடியேட்டர், 353. "கிளாடியேட்டரை மறந்துடு" என்று பதில் அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, பாறை ஏறுவதற்கு அந்தப் பட்டியலை ஏறக்குறைய தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று. நாற்பதாயிரம் டாலருக்கு மேல் போகிற விஷயம். எங்கே தப்பு பண்ணினேன் என்று தேடினால் 1979 வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு கோழிக் கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி மேல் வரியை ஏற்றின. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, சின்ன டிரக் இதற்கெல்லாம் 25 சதவீத வரி போட்டார். குறி வைத்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு. பிராந்தி வரியெல்லாம் பின்னால் போய்விட்டது. டிரக் வரி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஜப்பான்காரர்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? பின்னால் தொட்டி இல்லாமல் வெறும் சேஸியும் கேபினுமாக இறக்கினார்கள். அதற்கு வரி 4 சதவீதம்தான். தொட்டியைக் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் செய்து அங்கேயே பூட்டினது டொயோட்டா. சுபாரு இன்னும் ஒரு படி மேலே: பிராட் என்ற வண்டியின் தொட்டிக்குள்ளேயே ரெண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பூட்டி, "இது டிரக் இல்லை, பயணிகள் கார்" என்றது. 1980-ல் சேஸி ஓட்டையை அரசாங்கம் அடைத்தது. அதற்கப்புறம் அங்கேயே தொழிற்சாலை கட்டத் தயாராக இருந்தவர்கள்தான் இந்தச் சந்தையில் நிலைக்க முடிந்தது. இன்றைக்கு என் நண்பன் முன்னால் விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான் இருக்கின்றன என்றால், அதில் அந்தக் கோழிக்கும் பங்கு உண்டு.

சரி, 1979. அந்த வருஷ மாடலில்தான் டொயோட்டா தன் பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. உலகத்துக்கு அது ஹைலக்ஸ். அங்கே வெறும் 'டொயோட்டா டிரக்'. 1981-ல் அதற்கு 22ஆர் எஞ்சின் வந்தது. நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். சக்தி நூறு குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை, 97. முறுக்குவிசை சுமார் 175. இன்றைய ஒரு நல்ல கார் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் அதே வண்டியைத்தான் பாறைக்காரர்கள் இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் மார்ட்டி ஏங்கிப் பார்க்கிற கறுப்பு வண்டி ஞாபகம் இருக்கா? அதுவும் இந்த வகைதான், 1985 மாடல்.

ஏன் 1985-ஐக் குறிப்பாகத் தேடுகிறார்கள்? அதற்கு முன்பக்க ஆக்சிலைப் பார்க்கணும். அதுவரை முன்சக்கரம் ரெண்டும் ஒரே இரும்புத் தண்டில் இருந்தன. தராசுத் தட்டு மாதிரி: ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால், அதே தண்டு அடுத்த சக்கரத்தைக் கீழே அழுத்தும். ரெண்டும் தரையை விடாது. 1986 மாடலில் டொயோட்டா ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. ரோட்டில் சுகம், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும். பாறையில் மட்டும், ஒரு சக்கரம் மேலே போனால் அடுத்தது அந்தரத்தில் தொங்கும். பாறைக்காரர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

எஞ்சின் கதையும் அதே வருஷம் திரும்புகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1986-ல் டொயோட்டா அந்த 2.4 லிட்டரிலேயே டர்போ பூட்டிய ஒன்றை விற்றது: 22ஆர்-டிஇ, 135 குதிரைத்திறன். இரண்டு மூன்று வருஷம்தான் ஓடியது. 1988-ல் 3 லிட்டர் வி6 வந்தது, 150 குதிரைத்திறன், டர்போ தொல்லை இல்லை. டர்போ காணாமல் போனது. அந்த முதல் வி6 ஹெட் கேஸ்கெட்டுக்காகப் பேர் கெட்டது வேறு விஷயம். 1995-ல் டகோமா என்ற பெயர் வந்தபோது 3.4 வி6, 2005-ல் 4 லிட்டர் வி6, 2016-ல் 3.5 வி6. வி6 இல்லாமல் பிக்கப்பா என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அப்புறம் எரிபொருள் சிக்கன விதிகள் இறுகின. 2024 டகோமாவில் என்ன எஞ்சின்? நாலு சிலிண்டர், 2.4 லிட்டர், டர்போ! புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. குதிரைத்திறன் போன வி6-ன் அதே 278. வித்தியாசம் முறுக்குவிசையில். வி6-க்கு 359, அதுவும் 4600 சுற்றில்தான் கிடைக்கும். டர்போவுக்கு 430, அது வெகு முன்னாலேயே வந்துவிடும். மேட்டில் டிரெய்லர் இழுக்கிறவனுக்கு இது பெரிய வரம். நிசானையும் செவர்லேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரெண்டும் 310 குதிரைத்திறன். நிசான் டர்போ இல்லாத 3.8 வி6, செவர்லே நாலு சிலிண்டர் 2.7 டர்போ. முறுக்குவிசையில் 200 நியூட்டன் மீட்டர் வித்தியாசம். என் ஓட்டு இங்கே டர்போவுக்குத்தான்.

ஆனால் பாறையில் நீங்கள் 4600 சுற்றும் ஓட்டப்போவதில்லை, 1700-ம் ஓட்டப்போவதில்லை. எஞ்சின் கிட்டத்தட்ட ஐடிலில் முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றில் டர்போவைத் தள்ள வேண்டிய புகையே போதாது. அங்கே வேலை செய்வது கியர். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சில், இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது கிரால் ரேஷியோ. சக்கரம் ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதுதான் அந்த எண். 80களின் நடுவில் வந்த ஐந்து கியர் டொயோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 3.95, 2.28, 4.10. பெருக்கினால் சுமார் 37. அது போதாது என்று பட்டறைக்காரர்கள் ரெண்டு டிரான்ஸ்ஃபர் கேஸை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினார்கள். 37-ஐ இன்னொரு 2.28-ஆல் பெருக்குங்கள். 84.

இப்போது என் ஷீட்டின் கடைசி வரிசைக்கு வருவோம். 2020-ல் கிளாடியேட்டர் ரூபிகான் மேனுவல் கியரில் வந்தபோது ஜீப் சொன்ன எண் என்ன தெரியுமா? 84. பட்டறையில் செய்ததை கம்பெனியே செய்து கொடுக்கிறது. முன்னும் பின்னும் ஒற்றைத் தண்டு ஆக்சில், ரெண்டிலும் லாக்கர். லாக்கர் என்றால் வேறொன்றுமில்லை, சேற்று வயலில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால் டிராக்டர்காரர் காலால் மிதிப்பாரே, அதே டிஃப்ரன்ஷியல் லாக். எஞ்சின் டர்போ இல்லாத பழைய 3.6 வி6. 2025 மாடலிலிருந்து மேனுவல் இல்லை, ஆட்டோமேட்டிக்கில் 77. அதுவும் போதும். நான் வரிசைப்படுத்தியது தப்பான காலம், அவ்வளவுதான்.

அதற்காக மற்றவர்கள் சும்மா இல்லை. செவர்லேயின் இசட்ஆர்2-விலும் ரெண்டு லாக்கர் உண்டு. அதன் டாம்பர் ரேஸ் உலகத்திலிருந்து வந்தது. ராப்டர் பாறைக்கல்ல, மணலில் வேகமாகப் பறக்கச் செய்தது. டகோமா ஹைப்ரிடில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மோட்டார், அது மட்டுமே 250 நியூட்டன் மீட்டர். 22ஆரின் மொத்தத்தைவிட அதிகம், அதுவும் டர்போ விழிக்கும்வரை காத்திருக்காமல். விலைதான் இடிக்கும்.

நண்பனுக்கு போன் பண்ணி, "சாரிடா, கிளாடியேட்டரையும் ஓட்டிப் பாரு" என்றேன். ஓட்டிப் பார்த்தான். அப்போதுதான் நான் கேட்க மறந்ததை அவனே சொன்னான்: டென்வரிலிருந்து மோஆப் 560 கிலோமீட்டர், முழுக்க ஹைவே. ஒற்றைத் தண்டு ஆக்சில் ஹைவேயில் லேசாக அலைகிறது, கையை எடுக்க விடவில்லையாம். 1986-ல் டொயோட்டா எதற்காக அதைக் கழற்றியதோ, அதே காரணம். ரெண்டு வண்டியையும் ஒரே சாலையில் டெஸ்ட் டிரைவ் போயிருக்கிறான். டகோமாவில் போனபோது பக்கத்து சீட்டில் அவன் மனைவி தூங்கிவிட்டாள்.

டகோமாதான் எடுத்தான். ஹைப்ரிட் இல்லை, சாதாரண 2.4 டர்போ, பின்னால் லாக்கர். மோஆப் இன்னும் போகவில்லை.